ஒத்திகை ஓட்டு

கடிதம் வந்த அன்று நான் கடையில் ஒரு பழைய பெட்டிப் பூட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருபத்தாறு வருஷமாக எனக்குப் பூட்டு, சாவி வேலைதான். இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு ஒரு வியாதி வந்துவிடும். யாராவது சிரித்துக்கொண்டே வந்தால், இவன் எந்த வீட்டுச் சாவியை அச்செடுத்துக்கொண்டு வந்திருக்கிறான் என்றுதான் முதலில் தோன்றும். அந்தக் கடிதமும் சிரித்துக்கொண்டுதான் வந்தது. மேலே இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம். கீழே, ‘மக்களாட்சிப் புதுப்பிப்பு மற்றும் பாதுகாப்பு ஆணையம்’ என்று பச்சை எழுத்து. ‘வாழ்த்துகள்! எங்கள் குலுக்கலில் நீங்கள் சாதாரணக் குடிமகனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள்.’

வீட்டுக்குப் போய் அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள்.

“சாதாரணம்னு கண்டுபிடிக்கக் குலுக்கல் வேற போட்டாங்களா? என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே.”

அக்கா தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊரார் பேச்சையெல்லாம் இணைத்து இணைத்து, சுற்றி வளைத்துப் பேசுகிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் மெஷினோடு கட்டிப்போட்ட மாதிரி படுத்திருக்க வேண்டும். அப்போதெல்லாம் ஒன்பதாம் நம்பர் பஸ் காலை ஆறரைக்கு எங்கள் தெருமுனைக்கு வரும். ஏறி உட்கார்ந்தால் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடும். இரண்டு வருஷத்துக்கு முன் அந்த பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். இப்போது அவள் மெயின் ரோடு வரை மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து நடக்கிறாள். திரும்பி வரும்போது தலை சுற்றும். இரண்டு தடவை விழுந்தாள். இரண்டாவது தடவை நெற்றியில் நாலு தையல்.

யாரைப் போய்க் கேட்பது? முன்பெல்லாம் சைக்கிள் கடைக்காரர் எங்கள் வார்டு கவுன்சிலர். தெருவிளக்கு எரியவில்லை என்றால் அக்கா நேராக அவர் கடைக்குப் போய், பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் முன்னாலேயே நாலு வார்த்தை கேட்பாள். அன்று சாயங்காலமே விளக்கு எரியும். அவரை ரொம்ப நல்லவர் என்று சொல்ல மாட்டேன். போன தேர்தலில் முப்பத்தோரு ஓட்டில்தான் ஜெயித்தார், அவ்வளவுதான். அப்புறம் மூன்று வருஷத்துக்கு முன்னால் மக்களாட்சி பழசாகிவிட்டது, அங்கங்கே விரிசல் விட்டுவிட்டது என்று சொல்லி மன்றத்தைக் கலைத்தார்கள். புதுப்பித்து முடிக்கும்வரை தேர்தல் கிடையாது என்றார்கள். அதன் பிறகும் அக்கா ஒருநாள் பஸ்ஸுக்காகச் சைக்கிள் கடைக்குப் போனாள்.

“நான் இப்ப யாருமே இல்லக்கா. என்னைத் திட்டி என்ன பிரயோஜனம்?” என்றார் அவர். அவருக்கே அழுகை வந்துவிடும் போலிருந்ததால் அக்கா திட்டாமல் திரும்பிவிட்டாள்.

இப்போது கடிதத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள்.

“போ. போயி ஒரே ஒரு கேள்வி கேளு. ஒன்பதாம் நம்பர் எப்ப வரும்? பதில் வாங்காம வீட்டுக்கு வராத.”

ஆணையம் இருந்தது பழைய நகர மன்றக் கட்டடத்தில்தான். வாசலில் என் கழுத்தில் ‘குடிமகன் – 7’ என்று ஓர் அட்டையை மாட்டினார்கள். ஒரு துணிப்பை கொடுத்தார்கள். உள்ளே நோட்டு, பேனா, ஒரு சின்னக் கண்ணாடி. கண்ணாடியின் பின்னால் ‘மக்களாட்சியைக் காண மறுபக்கம் திருப்பவும்’ என்று எழுதியிருந்தது. திருப்பினேன். சவரம் செய்யாத என் முகம் தெரிந்தது. உண்மையிலேயே விரிசல் விட்டுத்தான் இருந்தது.

பன்னிரண்டு பேரை வட்டமாக உட்கார வைத்தார்கள். ஒருங்கிணைப்பாளர் அம்மாள் எங்களைக் கண்ணை மூடச் சொன்னார். மூச்சை இழுக்கும்போது உரிமையை இழுக்க வேண்டுமாம், விடும்போது கடமையை விட வேண்டுமாம். அப்படியே விட்டோம். பிறகு ஆளுக்கு ஒரு மஞ்சள் சீட்டு கொடுத்து எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார். நான் ‘9ஆம் நம்பர் பஸ் வேண்டும்’ என்று எழுதி ஒட்டினேன்.

அம்மாள் அதை நகம் படாமல் உரித்தெடுத்தார்.

“ஏழு, இது குறை. இங்க நாம குறை எழுதறதில்ல. கனவுதான் எழுதணும்.”

“குறைதானே மேடம் இருக்கு.”

“அதையே கனவா மாத்தி எழுதுங்க பார்க்கலாம். உங்களால முடியும்.”

யோசித்தேன். ‘9ஆம் நம்பர் பஸ் வருகிற மாதிரி கனவு கண்டேன்’ என்று எழுதிக் கொடுத்தேன். அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த மாதம் வந்த அறிக்கையில் முப்பத்து நான்காம் பக்கத்தில் அது இருந்தது: ‘குடிமக்கள் நகர்வை நேசிக்கிறார்கள்.’

அன்று மத்தியானம் தலைவர் பேசினார். பெரிய பதவிகளில் இருந்து ஓய்வு பெற்று, ஓய்வு பிடிக்காமல் இங்கே வந்தவர். குரல் நன்றாக இருந்தது.

“நண்பர்களே, மக்களாட்சிக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது? பல ஆண்டுகள் ஆராய்ந்தோம். பெரும்பாலும் அது தேர்தல் நாளன்றுதான் வருகிறது. கள்ள ஓட்டு, கலவரம், பொய் வாக்குறுதி, இவற்றோடு யார் ஜெயிப்பார்கள் என்றே முன்கூட்டித் தெரியாத ஒரு பயங்கரமான நிச்சயமின்மை! நாங்கள் பொறுப்பேற்ற இந்த மூன்று ஆண்டுகளில் ஒரு கள்ள ஓட்டு விழுந்ததா? ஒரு வாக்குறுதியாவது மீறப்பட்டதா? மக்களாட்சி இவ்வளவு பத்திரமாக என்றைக்குமே இருந்ததில்லை. அதை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வதே நம் தலைமுறையின் கடமை.”

பக்கத்தில் இருந்த குடிமகன் எட்டு என் காதில், “என்னங்க சொல்றாரு?” என்றார். “பூட்டி வச்சிருக்கேன்னு சொல்றாரு” என்றேன். அதற்கு மேல் எனக்கும் புரியவில்லை.

கூட்டம் முடிந்ததும் தலைவரிடமே போய் பஸ்ஸைப் பற்றிக் கேட்டேன். தோளில் தட்டி, செவிமடுத்தல் பிரிவுக்குப் போகச் சொன்னார். மாடியில், பஞ்சு வைத்த நாற்காலி போட்ட ஓர் அறை. உள்ளே ஓர் அதிகாரி. நான் சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டினார். சரியான இடத்தில் ‘ஐயோ’ என்றார். அக்காவின் நாலு தையலைச் சொன்னபோது நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அடடா, மனுஷன் கிடைத்துவிட்டான் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முழுசாகக் கேட்டு முடித்து, ஒரு சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்தார். ‘கேட்கப்பட்டது.’

“அப்ப பஸ் எப்ப சார் வரும்?”

“நான் கேக்கறதுக்கு மட்டும்தாங்க. பதில் சொல்றது வேற பிரிவு.”

“அது எங்க சார் இருக்கு?”

“இன்னும் ஆரம்பிக்கல. அதுக்கு மக்கள்கிட்ட கருத்துக் கேட்டுக்கிட்டிருக்கோம். உங்க கருத்தைச் சொல்றீங்களா?”

சொன்னேன். அதற்கும் ஒரு சீட்டு கொடுத்தார். இரண்டையும் அக்கா சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்தாள். அடுத்தடுத்த மாதக் கூட்டங்களில் அது ஒன்பதாகிவிட்டது. “தலையாட்டி நல்லா இருக்காரா?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

ஆறாவது மாதம் ஆணையத்துக்கு என் தொழில் தெரியவந்தது. பாதுகாப்புப் பிரிவு அதிகாரி என்னைக் கிடங்குக்கு அழைத்துப் போனார். எங்கள் வார்டின் பழைய ஓட்டுப்பெட்டி மேஜைமேல் இருந்தது. இரும்புப் பெட்டி. மூடியில் ஐந்து புதுப் பூட்டுகள். ஐந்து சாவியும் ஐந்து அதிகாரிகளிடம் இருக்க வேண்டும். அதில் ஒருவர், மக்களாட்சியை எப்படிப் பாதுகாக்கிறார்கள் என்று பார்த்துவர வெளியூர் போயிருந்தார். ஐந்தாவது பதவிக்கு இன்னும் ஆளே போடவில்லை.

“எல்லாம் பலமாத்தான் இருக்கு சார்” என்றேன்.

“எங்கங்க பலம்? இதைப் பாருங்க.” சீட்டுப் போடும் வாயில் விரலை விட்டுக் காட்டினார். “அஞ்சு பூட்டு போட்டு என்ன? இது திறந்தே கிடக்கு. தெருவில போறவன் யார் வேணா எதை வேணா எழுதி உள்ள போட்டுடலாம்.”

“ஓட்டுப் போடறதுக்குத்தானே சார் அது?”

“அதைத்தான் சொல்றேன். இத்தனை வருஷமா ஒருத்தராவது இதைக் கவனிச்சாங்களா பாருங்க! இந்த வாய்க்கு ஒரு மூடி போட்டு நல்ல பூட்டா மாட்டுங்க.”

எனக்கு அப்போதே உள்ளே உறுத்தியது. சொந்தக்காரன் திறப்பதற்காகத்தான் பூட்டு. இவர்கள் போடுவது வேறு வகை. ஆனால் அட்டை மாட்டிய கழுத்தும் ஒரு மாதிரி வளைந்துவிடுகிறது. மாட்டிக் கொடுத்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. புதுப் பூட்டைச் சோதித்துப் பார்க்க ஒரு தனிச் சாவி வெட்டுவோம். வேலை முடிந்ததும் அதைச் சொந்தக்காரர் கண் எதிரிலேயே இரண்டாக உடைத்துத் துண்டுகளை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அதைச் செய்யாதவனை யாரும் வீட்டுக்குள் விட மாட்டார்கள். நான் இடுக்கியை எடுத்தேன்.

“என்ன பண்றீங்க?” என்றார் அதிகாரி.

“சோதனைச் சாவி சார். உடைக்கணும்.”

“அது காலையிலேயே உடைச்சாச்சே.” படிவத்தைக் காட்டினார். ‘சோதனைச் சாவி உடைக்கப்பட்டது’ என்று மூன்று கையெழுத்து, இரண்டு முத்திரை. எல்லாம் தயாராக இருந்தது.

“இந்தா என் கையில இருக்கே சார்.”

அவர் சாவியைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. “இங்க பாருங்க, இப்ப இதை நீங்க உடைச்சீங்கன்னா உடைஞ்சது ரெண்டு சாவியாயிடும். ரெண்டாவது சாவி எப்படி வந்துச்சுன்னு விசாரணை வரும். அது உங்க கையில இல்ல. இருந்தாலும் இல்ல. பையில போடுங்க.”

பையில் போட்டுக்கொண்டேன். வீட்டில் நடந்ததைச் சொன்னதும் அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தாள்.

“எனக்கு ஓட்டு வந்த நாள்லேர்ந்து எங்க பூத்துல முதல் ஓட்டு என்னோடதுதான். அந்த வாயை என் தம்பியே போயி பூட்டிட்டு வந்திருக்கான்.”

“அக்கா, வேலைன்னு வந்தா…”

“பேசாத.”

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆஸ்பத்திரிக்குக்கூட என்னை வரவேண்டாம் என்று தனியாகவே நடந்து போனாள். நான் இருபதடி தள்ளிப் பின்னாலேயே போனேன். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

மூன்றாம் நாள் அறிவிப்பு வந்தது. மக்களுக்கு ஓட்டுப் போடுவது மறந்துவிடக் கூடாது என்பதற்காக எங்கள் வார்டில் ஓர் ஒத்திகைத் தேர்தல். குடை, நாற்காலி, கடிகாரம் என்று மூன்று சின்னங்கள். வேட்பாளர்கள் கிடையாது. வாக்காளர்கள் வரிசையில் நின்று, சீட்டு வாங்கி, தேர்வு செய்வதுபோல் பாவித்து, பெட்டியில் போடுவதுபோல் பாவிக்க வேண்டும். இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள மற்ற ஊர் ஆணையங்களிலிருந்து விருந்தினர்கள் வருவார்கள்.

அக்கா நோட்டீஸைப் படித்துவிட்டு எழுந்து தெருவில் வீடு வீடாகப் போனாள்.

ஒத்திகை அன்று நான் ஏழு மணிக்குப் போனபோது மன்றக் கட்டடத்தின் வாசலில் முதல் ஆளாக அவள் நின்றிருந்தாள். நெற்றியில் தழும்பு, கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு. அவளுக்குப் பின்னால் சைக்கிள் கடைக்காரர். அவருக்குப் பின்னால் எங்கள் தெரு, அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு. நானூறு பேருக்கு மேல் இருக்கும். தலைவர் பூரித்துப்போய்விட்டார். “பாருங்கள், பாவனைக்கே இவ்வளவு ஆர்வம்!” என்று விருந்தினர்களிடம் சொன்னார். அவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அக்கா சீட்டை வாங்கினாள். மூன்று சின்னங்களையும் அடித்துவிட்டுக் கீழே பெரிதாக ‘9’ என்று எழுதினாள். பெட்டியிடம் வந்தாள். வாய் பூட்டியிருந்தது.

பாதுகாப்பு அதிகாரி பணிவாகச் சொன்னார். “அம்மா, போடற மாதிரி கையைக் கொண்டு போயிட்டு, சீட்டை இந்தக் கூடையில போட்டுருங்க.”

“குப்பைக் கூடையிலயா?”

“காகிதம் வீணாகாதும்மா. மறுபடி உபயோகிப்போம்.”

“தொறங்க.”

“ஒத்திகைதானேம்மா. போடற மாதிரி போட்டா போதும்.”

“விடியறதுக்கு முன்னாடி எழுந்திரிச்சு, மூணு எடத்துல உக்காந்து உக்காந்து வந்தேன். நடக்கற மாதிரி வரல. நடந்து வந்தேன். தொறங்க.”

வரிசை நின்றுவிட்டது. பின்னால் யாரும் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். விருந்தினர்களில் ஒருவர், இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதியா என்று கேட்டார். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் நான் திருட்டுத்தனமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இருந்தபோது இப்படித்தான் பார்ப்பாள்.

கடைக்கு உரிமம் தருவது இந்தக் கட்டடம்தான். அது எனக்கு நன்றாகத் தெரியும். கழுத்தில் கிடந்த அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, பையிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தேன்.

யாரும் தடுக்கவில்லை. வாய் திறந்துகொண்டால் என்ன செய்வது என்று எந்த உத்தரவும் இல்லை. அதிகாரி படிவத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சீட்டை உள்ளே போட்டாள். இரும்பில் காகிதம் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்புறம் சைக்கிள் கடைக்காரர் போட்டார். மத்தியானம் வரை வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது.

மறுநாள் விசாரணை. தலைவர், அதிகாரி, நான், நடுவில் பெட்டி.

“சாவி உடைக்கப்பட்டது உண்மைதானே?” என்றார் தலைவர்.

“படிவத்துல அப்படித்தான் சார் இருக்கு.”

“அசல் சாவி முத்திரை வைத்த உறையில் இருக்கிறது, சோதனைச் சாவி உடைந்துவிட்டது. அதனால் வாயைத் திறக்க வழியில்லை. வாய் திறக்காததால் உள்ளே ஒன்றும் விழவில்லை. ஆகவே பெட்டி காலி.”

“ஆட்டிப் பாருங்க சார், சத்தம் வரும்.”

அதிகாரி ஆட்டினார். சத்தம் வந்தது. “வருது. ஆனா படிவத்துல வரலயே” என்றார். மூடியைத் திறந்து பார்க்கலாம் என்றால் ஐந்தாவது சாவிக்கு ஆள் இல்லை. கடைசியில் அறிக்கை எழுதினார்கள். குற்றம் எதுவும் நடக்கவில்லை. முடிவு எதுவும் இல்லை. வாக்காளர்களுக்குப் பாவனையில் போதிய பயிற்சி இல்லாததால் புதுப்பிப்பு மேலும் மூன்று ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்படுகிறது.

நான் எழுந்து வாசலுக்கு வரும்போது தலைவர் கூப்பிட்டார். ஜன்னல் வழியாக முந்தைய நாள் வரிசை நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடைக் குரல் போய்விட்டிருந்தது.

“ஏம்ப்பா, அவங்க மறுபடி வருவாங்களா?”

இத்தனை மாதத்தில் அந்தக் கட்டடத்தில் ஒருவர் பதில் தேவைப்பட்டுக் கேட்ட முதல் கேள்வி அது.

“தெரியல சார். அக்காவைக் கேக்கணும்” என்றேன்.

அக்காவிடம் வந்து சொன்னேன். அவள் ரொம்ப நேரம் சிரித்தாள். “பயம் வந்துருச்சுடா. இது போதும். இதுக்குத்தான் ஓட்டு” என்றாள்.

பத்தாம் நாள் ஒரு பச்சை எழுத்துக் கடிதம். ‘குடிமக்களின் நகர்வுக் கனவை முன்னிட்டு, நாளை காலை 9ஆம் எண் ஒத்திகைப் பேருந்து இயக்கப்படும். பயணிகள் ஏறுவது அனுமதிக்கப்படாது.’ எனக்குச் சந்தேகமே வரவில்லை, இவர்கள் இதைத்தான் செய்வார்கள். மறுநாள் அக்காவுக்கு ஆஸ்பத்திரி நாள். ஆறே காலுக்கே தெருமுனைக்குப் போய் நின்றோம். தெருவில் முப்பது பேர் வந்திருந்தார்கள்.

ஆறரைக்கு வந்தது. காலி பஸ். நெற்றியில் ‘9 – ஒத்திகை’. கதவு சாத்தியிருந்தது. மெதுவாக, ஆனால் நிற்காமல் வந்தது. அக்கா நடந்துபோய் ரோட்டின் நடுவில் நின்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. பஸ் நின்றது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“அக்கா, தள்ளுங்கக்கா. யாரையும் ஏத்தக் கூடாதுன்னு உத்தரவு. வர்ற மாதிரி வந்துட்டுப் போகணும், அவ்வளவுதான்.”

“சரிப்பா. நாங்களும் ஏறுற மாதிரி ஏறிக்கிறோம். கதவைத் தொற.”

டிரைவர் அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் அவர் ஜன்னலுக்கு நேராக வரிசை கட்டிவிட்ட முப்பது பேரைப் பார்த்தார். அப்புறம் யாரும் இல்லாத சாலையை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கதவைத் திறந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அன்று அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. டிரைவர் பக்கம் திரும்பினாள்.

“நாளை மறுநாள் ஒத்திகை எத்தனை மணிக்குப்பா?”

“ஆறரைக்கே வந்துருவேன்க்கா.”

“தேர்தல் ஒத்திகை அடுத்து எப்பன்னு கேட்டுட்டு வா” என்றாள் என்னிடம். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். சாவி இருந்தது.